ஏழாவது கேள்விக்கு விடை

ஏப்ரல் 9

விடைத்தாள் திருத்தம் தொடங்கியது. ஏழாவது கேள்வி: (1,2,0), (0,1,3), (1,3,3) — இந்த மூன்று வெக்டர்களும் சார்பற்றவையா? முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது அப்படியே வந்து நிற்கிறது. மற்றவற்றை வைத்தே ஒன்றைப் பெற முடிந்தால் அப்புறம் என்ன சார்பற்றது? ஆனால் துறைத்தலைவரின் மாதிரி விடையில் 'சார்பற்றவை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மனிதர் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்று மற்றொன்றின் மடங்கா என்று மட்டும் பார்த்திருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 10

அவர் அறைக்குப் போய்க் கூட்டியே காட்டினேன். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"இருபது வருஷமா இப்படித்தான் நடத்துறேன். யாருக்கும் வராத சந்தேகம் உங்களுக்கு வந்துடுச்சா?"

குத்திய குச்சியை என் தாளின் மேலேயே வைத்தார்.

வேலை நிரந்தரமாகும் வரை வாயைத் திறக்காதே என்கிறார் என் வீட்டுக்காரர். அதற்குப் பரிந்துரை எழுத வேண்டியவரும் அந்தப் பல்குச்சிக்காரர்தான்.

ஏப்ரல் 11

சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டேன். சீ.

ஏப்ரல் 13

இன்று ஒரு தாள். அந்தப் பிள்ளை அழகாகக் கணக்குப் போட்டு 'சார்புள்ளவை' என்று முடித்திருக்கிறது. பிறகு அத்தனையையும் அடித்துவிட்டு, கீழே: 'வகுப்பில் சொன்னபடி, சார்பற்றவை.' இதற்கு முழு மதிப்பெண் போட வேண்டுமாம். என்னால முடியல. இதுக்கா இவ்வளவு படிச்சேன்?

தேர்வு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16

கூட்டம் போட்டார்கள். கரும்பலகைப் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. ஏழாவது கேள்வியைத் தொட்டவர்கள் எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று முடிவு. எது தப்பு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"யார் மனசும் நோகாம முடிச்சாச்சு" என்றார் துறைத்தலைவர். எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். நானும் குடித்தேன் — குடிக்காமல் எழுந்து வந்திருக்கலாம் இல்லையா?

மே 20

பல்குச்சிக்காரரின் பரிந்துரையோடு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 2

புது வகுப்பு. அதே மூன்று வெக்டர்களை எழுதி, கூட்டிக் காட்டி, சார்புள்ளவை என்று நிறுவினேன். முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"புரியுது மேடம். பரீட்சைல எதை எழுதணும்?"

வாசல் பக்கம் பார்த்தேன். துறைத்தலைவர் அங்கே இல்லை.

"எதை எழுதினாலும் மார்க் உண்டு" என்றேன்.