முழு விலைக்கு வாங்கிய பை

டுசல்டோர்ஃப்,
வியாழக்கிழமை

அன்புள்ள சாந்தாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காட்டு நடைகளுக்காக, மலிவான கேன்வாஸ் முதுகுப்பை ஒன்று வாங்கச் சென்றேன். பாரம் ஏற்றினால் தோளை உறுத்துமா என்று அறிய, என் தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் ஒரு பையில் வைத்து, மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தேன். அருகில் ஒரு ஜெர்மானியரும் அதையேதான் செய்தார். கடை மேலாளர், பையைச் சோதிக்கச் சொல்லிக் கடைக் காவலரை என்னிடம் மட்டும் அனுப்பினார்.

காவலர் ரஜிதன் யாழ்ப்பாணத்துக்காரர். அடையாள அட்டையில் என் பெயரைப் படித்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. நான் பாக்காட்டி என்ரை வேலை போயிடும்."

"உங்க மேல கோபமில்ல தம்பி. நல்லாப் பாருங்க."

திருட்டுப் பொருள் எதுவும் இல்லை என்றான பின்னும் மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. விலையில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். மறுத்து, முழு விலை கொடுத்து அதே பையை வாங்கினேன். நேற்று அவர்களுடைய தலைமையகத்துக்கு இரண்டு பக்கப் புகார் அனுப்பினேன். அதில் ரஜிதனின் பெயர் இல்லை.

நீ கவலைப்படாதே. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. எலுமிச்சைச் சாதம் மதியம்வரை உலராதிருக்க என்ன செய்வாய் என்று உடனே எழுது. ஒருவருக்கான அளவு போதும்.

உமாபதி