எந்தச் சான்றிதழ் என்று தேடிய வாரம்

ஜூலை 14, திங்கள்
விடிந்ததிலிருந்து காற்று. கற்பிட்டியில் ஒரு கதவும் சும்மா இல்லை. கடல் மோசம்; கணவர் நசார் மீன் தொழிலுக்குப் போகவில்லை. இன்சூரன்ஸ் ஒபிசில் இரண்டு பாலிசி விற்றேன். காப்புறுதி விற்றது போதும், குடும்பங்களுக்கு நிதி ஆலோசகராக வேண்டும். அதற்கு என்ன படிக்கலாம் என்று தேடியதில் மூன்று வழி:
1. காப்புறுதி டிப்ளோமா. பாதி தெரிந்த பாடம்.
2. இஸ்லாமிய நிதி. வார இறுதியில் கொழும்பு. வட்டியில்லாத வழி கேட்பவர்கள் இங்கே நிறைய.
3. நிதித் திட்டமிடல் சான்றிதழ். நீளம், முழுக்க இங்கிலீஷ்.
கண் மூன்றாவதிலேயே நிற்கிறது. ஏன்?

ஜூலை 15, செவ்வாய்
மெனேஜரிடம் கேட்டேன். "முதலாவதைச் செய்ங்க ரிஸ்வானா. புரமோசனுக்கு அதுதான் பாப்பாங்க." சரிதான். ஆனால் நான் கேட்டது புரமோசனுக்கில்லை.
கடையில் வாங்க: பருப்பு, குளிக்கச் சவர்க்காரம், மகளுக்குப் பள்ளிக் கொப்பி.

ஜூலை 17, வியாழன்
சிலாபத்தில் ஸ்டெல்லா அக்கா, மூன்றாவதை முடித்தவர். போன் எடுத்துக் கேட்டேன். சிரித்தார்.
"பாஸ் பண்ணிட்டன் தங்கச்சி. ஆனா ஆலோசனைக்கு ஆர் காசு தாறது? இப்பவும் பாலிசிதான் விக்கிறன்."
"அப்ப வீணா?"
"இல்ல. முந்தி ஒரு வீட்டுக்குப் போன உடன விக்கப் பாப்பன். இப்ப முதல்ல என்ன விருப்பமெண்டு கேக்கிறன். சொல்லத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டாங்க."
நான் யாரிடமாவது கேட்டிருக்கிறேனா?

ஜூலை 18, வெள்ளி
ஜும்மா முடிந்து நசார் வந்தார். சோறு, ஊற்றிக்கொள்ள மீன் ஆணம். மூன்றாவது கோர்ஸின் மாதிரிப் பாடம் இணையத்தில் இருந்தது. அதில் முதல் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்த்தேன்.
"பத்து வருசத்தில என்ன செஞ்சிட்டு இருக்க விருப்பம்?"
சொந்தப் படகு என்பார் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் முடித்ததிலிருந்து அதற்குத்தானே சேமிக்கிறோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.
"படகு வேணாம். கடலெண்டா எனக்குப் பயம்."
"எப்ப இருந்து?"
"சின்னதில இருந்தே. வாப்பா கூட்டிப் போனார், போனன். ஒருத்தரும் கேக்கல்ல."
கடலுக்குப் போகும் காலைகளில் பேசமாட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன்.
"அப்ப என்ன விருப்பம்?"
"பேக்கரி."
வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். எந்தச் சந்தியில் கடை, யாரிடம் கோதுமை மா, அடுப்பில் சுடும் பாணோடு என்னென்ன பணிஸ், எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. ஆணம் ஆறிப்போனது.

ஜூலை 19, சனி
மூன்றாவதற்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. இஸ்லாமிய நிதி அதற்குப் பிறகு. இங்கிலீஷுக்கு ஒரு டிக்சனரி வாங்க வேண்டும். இதை எழுதும்போதே நசார் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.
"ரெண்டாவது கேள்வி என்ன?"