கூறைச்சேலையின் மறுமுனை

மாமா, பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடிக்கிறது. என் கூறைச்சேலையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் உங்கள் மகன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் மகளும் மருமகனும் பெண் கேட்டு வருகிறார்கள். என் பெண்ணை, அவர்கள் பையனுக்கு.

நீங்கள் கண்ணை மூடியபிறகு உங்கள் மகன்தான் இங்கே எம்.எல்.ஏ. ஆனால் அன்னூர்ப் பக்கத்து ஓட்டெல்லாம் மருமகன் கையில். அவர் எதிர்க்கட்சிக்குத் தாவப்போவதாகப் பேச்சு. அவரை இழுத்துக் கட்ட என் பெண்தான் கயிறாம்.

என்னையும் இப்படித்தானே உங்கள் மகனுக்குக் கட்டிவைத்தீர்கள்? உங்கள் அக்கா மகள், உரிமைப் பெண். அக்ரி காலேஜில் எனக்கு இடம் கிடைத்திருந்த நேரம். "வெளிய பொண்ணெடுத்தா ஊட்டுப் பேச்சு வெளிய போயிருங் கண்ணு. அரசியல்ல அது ஆகாது" என்றீர்கள். அப்பா உங்கள் தயவில் ஒன்றியத் தலைவர். அவர் என்ன பேசுவார், பாவம்!

கல்யாணத்தன்று அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் செய்கிற இணைச்சீர். என் கூறைச்சேலையின் ஒரு முனை உங்கள் மகன் கையில், மறுமுனை கைக்குழந்தையோடு நின்ற அவர் தங்கச்சி கையில். "அண்ணனுக்குப் பொண்ணு பொறந்தா இந்தப் பையனுக்குத்தானுங்க!" என்று நீங்கள் மைக்கில் சொல்ல, கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பிறக்காத பிள்ளையைக் கொடுத்துப்போட்டீர்களே மாமா! மணப்பெண் அறை வாசலில் நின்று நானும் சிரித்தேன்.

ஆனாலும் உங்களை முழுசாகத் திட்ட வாய் வரவில்லை. காலையில் மனுவோடு வருகிறவர்களை உட்காரவைத்து, "சொல்லுங்க, உங்குளுக்கு என்ன வேணுமுங்க?" என்று எவ்வளவு பொறுமையாகக் கேட்பீர்கள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நானும் பக்கத்தில்தான் நிற்பேன். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று அதையே உங்கள் பேத்தியிடம் கேட்டேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ ஒருக்கா வேண்டாம்னு சொல்லோணும்மா. அப்பா முன்னாடி, அத்தை முன்னாடி. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்."

வாசலில் கார் வந்து நிற்கிறது. "ஏனுங் அண்ணி, ஊட்ல யாருமில்லீங்களா?" உங்கள் மகளின் குரல்.

சேலை என் கையில் இருக்கிறது. கல்யாணத்தன்று விழுங்கிய 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல் இன்னும் வெளியே வரவில்லை, மாமா. உங்கள் பேத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வாங்க, வாங்க" என்றுதான் அந்த வாய் சொல்கிறது.