ஆளுக்கு ஒரு முழம் விட்டோம், அண்ணி

என் கன்னியம்மா அண்ணிக்கு,

ஜெயிச்சுட்டோம் அண்ணி! மொதல்ல அதைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். நம்ம இருளர் ஜனம் மொத்தமும் ஒரே எடத்துல, ஏரிக்கரை மேட்டுல, சிமெண்டு வூடு கட்டிக்கினு குடி வந்தாச்சு. ஒரு குடும்பத்தையும் விடல. உன் பொண்ணு செல்வியும் எங்க கூடத்தான் கீறா.

"எட்டாவது படிச்ச திமிருடி உனக்கு"ன்னு வாய்க்கு வாய் திட்டுவியே, அந்தத் திமிருலதான் பேனாவைப் புடிச்சிருக்கேன். நீ இருந்திருந்தா ஓடியாந்து சொல்லியிருப்பேன். இல்லாம போயிட்டே, அதனால எழுதறேன். ஊர் உலகம் படிச்சா படிக்கட்டும், எனக்கின்னா வெக்கம்?

முன்னாடி ஆபீஸ்ல ஒரு பிளான் போட்டாங்களே, ஞாபகம் கீதா? நம்ம ஊர்ல நாலஞ்சு குடும்பத்துக்கு எடம், மீதிப் பேருல கொஞ்சம் வாலாஜாபாத் பக்கம், கொஞ்சம் சாலவாக்கம் பக்கம்னு. புறம்போக்கு எங்க காலியா கீதோ அங்க வூடு. தாள்ல பாத்தா சரிதான். ஆனா அறுப்புக்கும் செங்கல் சூளைக்கும் நாம கெளம்பிட்டா, பின்னாடி கெழங்கட்டைங்களையும் கொழந்தைங்களையும் யாரு பாத்துக்கிறது? மூணு ஊர்ல மூணு துண்டா பிச்சுப் போட்டா, யார் வூட்டு அடுப்பு இன்னிக்கு எரியலன்னு யாருக்குத் தெரியும்?

அந்த மொத லிஸ்டுல உன் பேரு இருந்துச்சு. நீ வேணாம்னுட்டே. தாலுக்கா ஆபீஸ் படியில சட்டமா உக்காந்துக்கினு, "குடுத்தா எல்லாருக்கும் ஒரே எடத்துல குடுங்க சார். இல்லன்னா எனக்கும் வேணாம்"னு சொன்னே. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் நான் உன்னைக் கிழிச்ச கிழி தெருவுக்கே கேட்டுச்சு. "உனக்கு இன்னா பைத்தியமா அண்ணி? புருஷன் விட்டுட்டுப் போன பொண்ணை வூட்டுல வச்சுக்கினு கைக்கு வந்ததை எட்டி ஒதைக்கிறியே!" நீ அசரல. "நான் மட்டும் காரை வூட்டுல படுத்தா எனக்குத் தூக்கம் வருமாடி?"ன்னே. அப்புறம் அந்த மழையில, ஒழுகற குடிசைல, இருமி இருமியே போய்ச் சேந்தே. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல. உன்கிட்ட மறைக்க இன்னா கீது?

நீ போனப்புறம் புது அதிகாரி ஒருத்தங்க வந்தாங்க, ஒரு அம்மா. நீ கேட்டுக்கினே இருந்த மேட்டு எடத்தை நேர்ல வந்து நடந்து பாத்தாங்க. கிராம சபைல பிளானைப் பெரிய தாளா மாட்டி, "வீட்டோட சேத்து வேற என்னென்ன வேணும்? சொன்னாத்தான் இதுல போட முடியும்"னு கேட்டாங்க. நம்மாளுங்க வழக்கம் போலத் தலையைச் சொறிஞ்சுக்கினு, "நீங்க பாத்து எது குடுத்தாலும் சரிங்கம்மா"ன்னாங்க. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! விருட்டுன்னு எழுந்தேன். தண்ணி டேங்கு, தெரு லைட்டு, எடுகாட்டுக்கு வழி, எல்லாத்துக்கும் மேல பால்வாடி. உன் வாயால கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமா இருந்துச்சு, ஒப்பிச்சுட்டேன். அந்தம்மா அங்கேயே பால்வாடிக்கு ஒரு கட்டம் போட்டாங்க.

மனை பிரிச்சுக் கல்லு நட வந்த அன்னிக்குத்தான் தலையில இடி விழுந்துச்சு. சர்வேயர் ஒவ்வொரு பேரா கூப்புட்டாரு. செல்வி பேரு வரவே இல்ல. மொத லிஸ்டுல இருந்த உன் பேரு நீ போனதும் அடிபட்டுப் போச்சாம். அவ பேரு தென்னேரிப் பக்கம் அவ புருஷன் வூட்டுக் கார்டுல கீதாம். அந்த வீணாப் போனவன் அவளை விட்டுட்டு ஓடினது கார்டுக்கு எப்படித் தெரியும்?

அதிகாரியம்மா நல்லவங்க. "பேரை இங்க மாத்தறது என் பொறுப்பு. ஆனா எடத்துக்கு எங்க போறது? எல்லா மனையும் முடிஞ்சு போச்சு. பால்வாடி எடத்தை எடுத்தா ஒரு மனை வரும். இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு அடுத்த தடவை, வேற ஊர்ல பாக்கலாம். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க"ன்னாங்க.

செல்வி என் முந்தானையைப் புடிச்சு இழுத்தா. "வுடு அத்த. கொழந்தைங்க எடத்தைப் புடுங்கி எனக்கெதுக்கு வூடு? நான் எங்கனா போய்ப் பொழைச்சுக்கிறேன்." உன் ரத்தமாச்சே, வேற எப்படிப் பேசும்? எல்லாருக்காகவும் வேணாம்னு சொன்னவ பொண்ணு, அவ ஒருத்தி மட்டும் வெளிய நிக்கறதா? இது இன்னா நியாயம்னு உன்னை நெனச்சு மனசுக்குள்ள கத்தினேன்.

அப்பதான் எல்லப்பன் வாயைத் தொறந்தான். ஆமா அண்ணி, உன் கோழியைத் தின்னுட்டான்னு வருஷக்கணக்கா மொகம் குடுத்துப் பேசாம இருந்தியே, அதே எல்லப்பன்தான்.

"எலி புடிக்கப் போனா வளையில கெடைக்கிற நெல்லை இன்னாப்பா பண்ணுவோம்?"ன்னான். எல்லாரும் அவனை ஒரு மாதிரி பாத்தாங்க. இது கேக்கற நேரமா? "கூறு போடுவோம். வந்தவனுக்கும் வராதவனுக்கும் அடுப்புக்கு ஒரு கூறு"ன்னு யாரோ சொன்னாங்க. "போட்டு முடிச்சப்புறம் ஒரு அடுப்பு விட்டுப் போச்சுன்னா?"ன்னு எல்லப்பன் மறுபடி கேட்டான்.

உன் தம்பி, என் வூட்டுக்காரரு, ஊமை மாதிரி நிக்கற மனுஷன், அவருதான் சொன்னாரு. "எல்லாக் கூறுலருந்தும் ஒரு கை எடுப்போம்."

"அப்ப எடு. என் மனைல ஒரு முழம் எடுத்துக்கோ"ன்னான் எல்லப்பன்.

அவ்வளவுதான் அண்ணி! "என்துலயும் எடு", "இங்கயும் எடு"ன்னு ரோட்டைப் பாத்த வரிசை முழுக்கக் குரல் வந்துச்சு. சர்வேயர் அதிகாரியம்மா மொகத்தைப் பாத்தாரு. அவங்க தாள்லயே கணக்குப் போட்டாங்க. வூட்டு அளவு குறையாது, பக்கத்துச் சந்து கொஞ்சம் குறுகும், மனை சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கும்னாங்க. "ஆனா நாளைக்கு, பக்கத்து வூட்டுச் சுவரு இடிக்குதுன்னு சண்டை போட்டுக்கினு என்கிட்ட வரக்கூடாது"ன்னாங்க.

"சண்டை போடுவோம்மா, அது வேற. உங்ககிட்ட வர மாட்டோம்"னான் எல்லப்பன். அந்தம்மா வாய் விட்டுச் சிரிச்சாங்க.

நட்ட கல்லையெல்லாம் புடுங்கினாங்க. மறுபடி நூல் கட்டி, சுண்ணாம்பு போட்டு, முழம் முழமா நகத்திக்கினே போனாங்க. கடைசியில மூலையில ஒரு முழு மனை வந்து நின்னுச்சு. பால்வாடி எடம் அப்படியே கீது. முன் வரிசையில எடுத்ததே போதும்னு ஆயிடுச்சு, அதுல பின் வரிசைக்காரங்களுக்குத்தான் ரோஷம். "எங்ககிட்டருந்து ஒண்ணும் வாங்கலையே"ன்னு மொணமொணத்தாங்க. செல்வி வூட்டு அஸ்திவாரத்தை அவங்களே தோண்டிட்டாங்க, கூலி பேச்சே எடுக்கல.

இப்ப வந்து பாக்கணும் நீ. பட்டா செல்வி பேர்லயே வந்துடுச்சு. பால்வாடியில புள்ளைங்க போடற சத்தத்துல ஏரி நாரையே எடத்தை மாத்திக்கிச்சு. எல்லாமே சரியா கீதுன்னு பொய் சொல்ல மாட்டேன். தண்ணி டேங்கு மூலையில இப்பவே கசியுது, அதுக்கு நான் ஆபீஸுக்கு அலைஞ்சுக்கினு கீறேன். டவுன் பஸ் நம்ம எடத்துல இன்னும் நிக்கல, கண்டக்டரோட தெனம் பேஜார். எல்லப்பன் சந்துல கோழி விடறான், அவன் சொன்ன மாதிரியே சண்டையும் போடறோம். இதெல்லாம் ஒரு கஷ்டமா? வூடு இருக்கறவங்களுக்கு வர்ற கஷ்டம் அண்ணி இது! உனக்கு இதுல ஒரு நாளாச்சும் குடுத்து வைக்கலையே.

பால் காய்ச்சின அன்னிக்கு நடந்ததைச் சொல்லி முடிச்சுக்கிறேன். எல்லா வூட்டுலயும் ஒரே நேரத்துல அடுப்பு மூட்டினோம். என் வூட்டுப் பால் பொங்கினதும் செல்வி வூட்டுக்கு ஓடினேன். அவ வாசப்படியில நின்னுக்கினு இருந்தா. என்னைப் பாத்ததும், "உள்ள வா அத்த"ன்னா.

நான் வாசல்லயே நின்னுட்டேன். நம்ம ஜனத்துல யாரு யாரை அப்படிக் கூப்புட்டிருக்கோம்? நம்ம குடிசைக்குள்ள குனிஞ்சு தவழ்ந்துதான் போகணும். ஒரம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா மரத்தடியைக் காட்டி "குந்து"ன்னுதான் சொல்லுவோம். வேலைக்குப் போன வூட்டுலயெல்லாம் "அங்கயே நில்லு"ன்னுதான் கேட்டிருக்கோம். என் வயசுக்கு அந்த வார்த்தையை அன்னிக்குத்தான் மொத மொதல்ல கேட்டேன். அதுவும் உன் பொண்ணு வாயால.

நிமிந்தே உள்ள போனேன் அண்ணி. தலை எங்கயும் இடிக்கல. நடு வூட்டுல குந்தி ஓன்னு அழுதேன். அவ பயந்து போய் "இன்னா அத்த, இன்னா ஆச்சு?"ன்னு கேட்டுக்கினே பாலை நீட்டினா. ஒண்ணும் ஆகலடி, குடுன்னு வாங்கிக் குடிச்சேன். நல்லாத்தான் காய்ச்சியிருந்தா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். செல்வி தனியா கீறாளேன்னு நீ கவலைப்படவே வேணாம். என் மூச்சு இருக்கற வரைக்கும் தெனம் அவ வூட்டுக்குப் போவேன். அவ கூப்புட்டாலும் போவேன், கூப்புடலன்னாலும் போவேன்.

உன்கிட்ட சண்டையில தோத்துட்டு அதைப் பெருமையா சொல்லிக்கினு திரியற,
உன் தம்பி பொண்டாட்டி
அஞ்சலை