மிதந்த ஈரல்

28 டிசம்பர் 1981
காலையில் தவளக்குப்பம். மில் வேலை போன பிறகு கோவிந்தராசு வீட்டில் செம்மறிகள்தான் சோறு போடுகின்றன. மேய்ப்பது அவர் மனைவி அஞ்சம்மாள். கொழுத்த சினையாடு ஒன்று தீனி எடுக்காமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது. மழை ஓய்ந்த காலம், ஈரல் பூச்சிதான் என்றேன். சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மற்ற மூன்று சினையாடுகளுக்கும் ஊற்றச் சொல்லி அவளிடம் மருந்து கொடுத்தேன். ஊற்றுமுன் ஒரு பகலும் இரவும் பட்டினி போடச் சொன்னேன்.

31 டிசம்பர்
அந்த ஆடு செத்ததாம். அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. சோம்பல், வேறென்ன?

3 ஜனவரி 1982
மருந்து குடித்த மூன்றும் படுத்துவிட்டன. பல்லைக் கடிக்கின்றன. கண்முன் கையை ஆட்டினால் இமைக்கவில்லை. மூச்சில் அழுகிய பழ வாடை. பூச்சிக்கு இந்த வாடை கிடையாதே!

"நீங்க சொன்ன மாதிரியே பட்டினி போட்டேன் டாக்டரம்மா. தழைக்குக் கத்துச்சிங்க. கயித்த இறுக்கிக் கட்டிட்டேன்" என்றாள் அஞ்சம்மாள்.

4 ஜனவரி
ஒன்று போய்விட்டது. வாசலிலேயே அறுத்தேன். ஈரலில் ஒரு பூச்சிகூட இல்லை. வெண்ணெய் மஞ்சளில் வீங்கிக் கிடந்தது, விரல் பட்டால் நசுங்குகிறது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். மூழ்க வேண்டியது மிதந்தது. அத்தனையும் கொழுப்பு. வயிற்றில் இரட்டைக் குட்டிகள்.

இரட்டை சுமக்கும் கொழுத்த ஆடு பட்டினி கிடந்தால் தன் கொழுப்பையே கரைத்து ஈரலில் கொட்டிக்கொள்ளும். படித்திருக்கிறேனே! பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேனே! முதல் ஆட்டுக்குத் தானாக வந்ததை மற்றவற்றுக்கு நானே வரவழைத்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

5 ஜனவரி
மீதி இரண்டுக்கும் குளுக்கோஸ் ஏற்றினேன், வெல்லத் தண்ணீர் புகட்டினேன். அஞ்சம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"கட்டுனது என் கையிதானே" என்றாள்.

திட்டித் தொலைத்திருக்கலாம்.

8 ஜனவரி
இரண்டும் போய்விட்டன. பதிவேட்டில் 'ஈரல் பூச்சி' என்பதை அடித்து, 'கொழுப்பு ஈரல். பட்டினி போட்டது என் உத்தரவு' என்று எழுதினேன். எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

16 பிப்ரவரி
சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் அஞ்சம்மாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். மீதி ஆடுகளை விற்றுவிட்டாளாம். புதுச்சேரியில் ஏதோ கம்பெனியில் வேலை. "அதுங்க கத்துனது காதுலயே நிக்கிது. இனிமே ஆடு வேணாம்" என்றாள். மடியில் காலித் தூக்குச்சட்டி.

தவளக்குப்பத்தில் இறங்கும்போது திரும்பி, "சாப்ட்டீங்களா டாக்டரம்மா? ரொம்ப எளச்சிப் போயிட்டீங்க" என்றாள்.

தலையை ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.