குழி எடுக்கக் காட்டிய இடம்

மேடம்,

இன்று காலை மண்ணூர்ப் பக்கம் ஒரு புது சைட்டில் ஒரு கை மண்ணை அள்ளி இறுக்கிப் பார்த்தேன். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது என்பீர்கள். "ரோலர் ஓட்டுறவனுக்கு சீட்ல குந்தினாலே தெரியும், கொழுக்கட்டை எல்லாம் வூட்ல பண்ணுங்க" என்று உங்களைக் கிண்டல் செய்தவன் நான். போன வருஷம் மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் ஹாஸ்டல் தோழி ஃபோனில் சொன்னார். உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குத் தரை மேடாக்கிக்கொண்டிருந்தோம். நான் உள்ளூர் ரோலர்காரன். நீங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இன்ஜினியர். ஒவ்வொரு அடுக்கு மண்ணும் இறுகியதா என்று குழி எடுத்துச் சோதித்து, கையெழுத்துப் போட வேண்டியவர். வந்த அன்றே என்னை "அண்ணாச்சி" என்றீர்கள். "நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்று கேட்டேன். "எங்கூர்ல மதிப்பா கூப்பிடுததுக்கு அதான் வார்த்தை" என்றீர்கள். கடைசிவரை மாற்றவில்லை. எனக்கும் பழகிவிட்டது.

மழைக்காலத்துக்கு உங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. கொட்டிப் பரப்பிய மண்ணை உதிரியாக விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. மேலே ஒருமுறை உருட்டி, தண்ணீர் ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று நான் அதைச் செய்யவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு என் வீட்டில் எல்லோரும் கிளம்பி நின்றார்கள். வானம் கறுத்திருந்தது. 'முருகா, உன்னைப் பாக்கத்தானே வர்றேன், மழையை நீயே பாத்துக்கோ' என்று அவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு, மண்ணை உருட்டாமலேயே கிளம்பினேன். கோயில் வாசலிலேயே கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை அந்த உதிரி மண் அத்தனை தண்ணீரையும் குடித்திருந்தது. ரோலரை ஏற்றினேன். முன்னால் மண் உப்பி எழுந்தது, பின்னால் அமுங்கியது. உருட்ட உருட்ட இன்னும் மோசமானது. அங்கேயே நிறுத்தி உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் வீம்பு விடவில்லை. காய்ந்த கிராவலை மெல்லிசாகத் தூவி மேலே இழைத்துவிட்டேன். மத்தியான வெயிலில் அது சிமெண்டுத் தரை மாதிரி பளபளத்தது.

நீங்கள் வந்தீர்கள். "எங்க எடுக்கலாம், அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள். நான் ஓரத்து மேட்டைக் காட்டினேன். அங்கே தண்ணீர் தங்கியிருக்கவில்லை. சோதனை தேறியது. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். சாயங்காலத்துக்குள் அதன்மேல் அடுத்த அடுக்கும் ஏறிவிட்டது.

அதற்கடுத்த நாள் காங்கிரீட் போட ஆட்கள் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் பெரிய பிரஸ் மிஷின் உட்காரப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். தரை இறங்கினால் முதலில் தேடப்போவது உங்கள் கையெழுத்தைத்தான், என் ரோலரை இல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு உங்களிடம் வந்தேன்.

"மேடம், நான் காட்டின எடம் பொய். நடுவுல களியா கீது."

நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்பமாவது சொன்னியளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராக மேனேஜரிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னீர்கள். அவர் எகிறினார். "யார் தப்பு? அந்த ஆபரேட்டரை வெளிய அனுப்பு" என்றார். "எடத்தை நாந்தான் பாத்து எடுத்திருக்கணும். கையெழுத்து என்னுது சார்" என்றீர்கள். எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, அப்பப்பா!

இரண்டு அடுக்கையும் வெட்டி எடுத்தோம். ஈர மண்ணைப் பரப்பி, டிராக்டர் விட்டு உழுது, புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். மேகம் கூடினால் தார்ப்பாய், வெயில் வந்தால் மறுபடி ஏர். நான்கு நாள். வேலை முடியாமல் நானும் வண்டியை விட்டு இறங்கவில்லை, முழங்கால் வரை சேறோடு நீங்களும் நகரவில்லை. "வானமா நாமளான்னு பாத்துருவோம், அண்ணாச்சி" என்றீர்கள். கடைசியில் சரியாக நடுவில் நீங்களே குழி எடுத்தீர்கள். தேறியது.

அதற்குப் பிறகு ரெண்டு மாசம் என்னிடம் இடம் கேட்கவே இல்லை. நீங்களே நடந்து பார்த்து, நீங்களே குச்சி நட்டீர்கள். எனக்கு வலித்தது. ஆனால் நீங்கள் செய்தது சரி. ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் ரோலர் பக்கத்தில் வந்து நின்று, "எங்க எடுக்கலாம்?" என்றீர்கள். நான் இறங்கி, எனக்கே சந்தேகமாக இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்குத் தெரியாது மேடம், ரோலருக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு இங்கே சோதனைக்கு வந்தவரும் அதையே கேட்டார். இந்த சைட் மேனேஜர் எதிரிலேயே நின்று, ஓரமாகக் காட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்துக்குப் போய்ச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினேன். தேறவில்லை. வேலை நின்றுவிட்டது. மத்தியானத்திலிருந்து ஆளாளுக்கு என்னைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். கிழிக்கட்டும். நாளைக்குக் காலையில் அந்த ஈர மண்ணை வெட்டி எடுக்க ஆரம்பிக்கிறேன்.