அண்ணன் வாங்கி வந்த சீமெண்ணெய் பிரிஜ்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நான் செய்த ஒரு காரியத்தைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். பிரிஜ்ஜுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

மதினியின் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் மருந்து கெடக்கூடாது என்றுதான், மலைமேல் எஸ்டேட் பங்களாவில் விலைக்கு வந்ததை மாட்டுவண்டியில் ஏற்றி அச்சன்புதூருக்குக் கொண்டுவந்தாய். நம் தெருவில் கரண்ட் கிடையாது. அடியில் சீமெண்ணெய் விளக்கு எரிந்தால் மேலே குளிரும் என்றபோது யார் நம்பினார்கள்? நம்பவைக்க, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டினாய். சர்பத்துக்கு ஐஸ், பிள்ளைகள் கையில் ஐஸ். உன் மனசு அப்படி.

இந்தச் சித்திரையில் சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கடையில் பாதி டின்தான் ஊற்றினார்கள். பத்து நாளில் விளக்கு அணைந்தது. அடுத்த எண்ணெய் வருவதற்குள் மருந்து வெக்கையில் கெட்டுப்போனது. அது தெரியாமல் அதையே போட்டுக்கொண்ட மதினி, வாந்தியும் மயக்கமுமாகத் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தது பெரிய காரியம்.

சித்தப்பா வந்தார். "குற்றாலத்துல சீசனுக்குக் கடை போடுதவன் கேக்கான். குடுத்துருவோம்ட்டி. எண்ணெய்க்கு எங்கன போவ?"

"முடியாது சித்தப்பா. பாதி டின்லயே ஓட்டிக் காட்டுதேன்."

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியாது. தரையில் படுத்து விளக்கைப் பார்த்தேன். சுடர் மஞ்சளாய்ப் புகைந்தது. திரியை நேராக வெட்டினேன். புகைக்குழாயில் கரியைச் சுரண்டினேன். சுடர் நீலமானது. அடுப்படியில் நின்ற பெட்டியை ஆள் வைத்து வடக்கு அறைக்கு நகர்த்தி, சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைத்தேன். சூடான பால் உள்ளே போகக்கூடாது. ஐஸ் விரல் கனம் படிந்தால் கரைத்துவிட வேண்டும். கதவு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

எதிர்வீட்டுச் செல்லம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு ஐஸ் கேட்டு வந்தாள். இல்லை என்றேன்.

"அண்ணாச்சி இருந்தவரைக்கும் கேக்குமுன்னே குடுப்பாவ. நீ என்னட்டி பூட்டி வச்சிருக்க?"

உள்ளேயிருந்து மதினிதான் வந்தாள்.

"அவ பூட்டலைன்னா நான் இங்கன நிக்க மாட்டேன் செல்லம்மா. அவள ஏசாத. கேக்கணும்னா என்கிட்டக் கேளு."

செல்லம்மா வந்த வழியே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. அன்று நான் அழுதேன், அண்ணே. செல்லம்மாவுக்காக இல்லை. நீ ஆசையாய்த் திறந்து காட்டிய ஒவ்வொரு தடவையும் மதினியின் எண்ணெய்தானே எரிந்தது? உனக்கு அது தெரிந்திருக்குமா?

பத்து நாளில் தீர்ந்த அதே பாதி டின், இப்போது அடுத்த எண்ணெய் வரும்வரை நிற்கிறது. சாரல் தொடங்கியதும் சுடரை இன்னும் தணித்தேன். சித்தப்பா வந்து குனிந்து பார்த்தார். "எரியத்தான் செய்யுது" என்றார். அதற்குப் பிறகு குற்றாலத்துக் கடைக்காரன் பேச்சை எடுக்கவில்லை. மதினி வரப்புவரை நடந்து அறுப்பைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

தெருமுனையில் கம்பம் நட்டிருக்கிறார்கள். கரண்ட் வந்தாலும் கதவு இரண்டு வேளைதான். ஊர் என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, மதினியின் மருந்து இனி ஒரு நாளும் கெடாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
செண்பகம்